கோப்பாய்ப் பழம்பதியும் அதன் அடையாளங்களும்

யாழ்ப்பாணத்தினின்றும் பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே நல்லூர், கல்வியங்காடு, இருபாலை என்னும் ஊர்களைக் கடந்தபின், ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில் எதிர்ப்படுவது கோப்பாய். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலருக்கு இது பிறந்த ஊர். சிலருக்குக் கொண்டு கொடுத்த ஊர். ஏனையோர்க்குப் பேருந்தில் இருந்தபடியே பார்த்துச் சென்ற ஊர். அங்ஙனம் பார்த்துச் செல்வோரின் கண்ணுக்கு வாழைத் தோட்டமும், பனங்கூடலும், பாடசாலைகளும், சந்திக் கடைகளுமே தோன்றும். ஒரு காலத்தில் இவ்வூரிலே ஓர் அரசனுடைய கோட்டை இருந்தது என்பதையும், யாழ்ப்பாண இராச்சியத்தின் விதி ஒருமுறை இவ்வூரிலே தீர்மானிக்கப்படும் நிலையில் நின்றது என்பதையும் நினைப்பார் சிலரே. அதனை இம்மலர் வாயிலாக எடுத்துக் கூறுதல் தகும் என்று கருதி இக்கட்டுரையை வரையலுற்றோம்.

நிலமும் நீரும்

ஊரின் சரித்திரத்தை அறிய விழைவோர் முதலில் அதன் நிலத்தை அறிதல் வேண்டும். கோப்பாய் வலிகாமத்தின் கீழெல்லையில் அமைந்தது. மேற்கே உரும்பிராய்ப் பக்கமாகச் செம்மண் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. வடக்கே நீர்வேலி, தெற்கே இருபாலை. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, வயலாகி, உவர்த்தரவையாகி, ஈற்றில் கடனீரேரியில் முடிகின்றது. அந்நீர்ப்பரப்புக்கு அப்பால் தென்மராட்சியைச் சேர்ந்த கைதடி உளது. மாரியில் நீர் நிறைந்தும் கோடையில் வற்றி வெளியாகியும் விளங்கும் அவ்வேரியே இவ்வூருக்கு இயற்கை அளித்த அகழி எனலாம்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். வடகீழ்ப் பருவமழையின் நீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கின்றது. கோப்பாய்க்கு வடக்கே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கேணி இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டுவது. அதன் மேல்நீர் நன்னீர். ஆழஞ் செல்ல உவர்நீர். ஆறில்லாத நாட்டிலே துலாவாலும் பட்டையாலும் நீரிறைத்துத் தோட்டஞ் செய்து நம் முன்னோர் வாழ்ந்தமை இப்படலத்தின் உதவியாலேயே. அதனை வேண்டியபடியெல்லாம் இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும் என்பதை இக்காலத்து இயந்திரங் கொண்டு இறைப்போர் மறத்தலாகாது.

பெயரைப் பற்றி

'கோ' என்பது அரசனைக் குறிக்குஞ் சொல்லாதலின், அரசன் பாய்ந்தோடிய ஊர் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவாரும் உளர். கேட்பதற்கு இனிதாயினும் இது பொருந்துவதன்று. போர்த்துக்கேயரின் வரலாற்றாசிரியர் அரசன் தப்பிச் சென்றதைக் கூறுமிடத்தே, அவன் கோப்பாயில் இருந்த கோட்டைக்குச் சென்றான் என்கின்றனர். ஆகவே, அவன் செல்லுமுன்னரே கோட்டையும் இருந்தது, ஊரும் இருந்தது. முன்னரே இருந்த ஊருக்குப் பின்னர் நிகழ்ந்த செயலாற் பெயர் வந்தது எனல் எவ்வாறு பொருந்தும்? புலவர்கள் இவ்வூரைக் 'கோவை' எனச் சுருக்கி வழங்கினர். வடகோவை, தென்கோவை என்னும் வழக்குகள் அதன்வழி எழுந்தவை.

கோட்டையும் 1560ஆம் ஆண்டும்

ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானி நல்லூர். கோப்பாய்க் கோட்டையோ இராசதானிக்கு ஏறக்குறைய மூன்று மைல் தொலைவில், கடனீரேரியை அடுத்து நின்றது. இடத்தின் அமைப்பை நோக்குமிடத்து, தலைநகர் பகைவர் கைப்பட்டால் அரசன் பின்வாங்கி நிற்பதற்கும், அங்கும் நிற்க இயலாதாயின் ஏரியைக் கடந்து தென்மராட்சி வழியாக வன்னிக்குச் செல்வதற்கும் இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை என்பது புலனாகும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 1544இல் மன்னாரிலே கத்தோலிக்கராக மாறியோரை முதலாம் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அதனைக் காரணமாகக் காட்டியும், நாட்டின் வளத்தை விரும்பியும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா 1560இல் தானே பெருங் கடற்படையுடன் வந்து நல்லூரைத் தாக்கினான். நல்லூர் வீழ்ந்தது. மன்னன் கோப்பாய்க் கோட்டையை அடைந்தான். பகைவர் அங்குந் தொடரவே, அதனையும் விட்டு அகன்றான். புத்தரின் தந்தமெனப்பட்ட ஒரு பொருளும் அப்படையெடுப்பிலே போர்த்துக்கேயர் கைப்பட்டது. பேகு நாட்டு மன்னன் பெரும்பொருள் தந்து அதனை மீட்க முன்வந்தும், கோவாவிலே அது பொடியாக்கப்பட்டது என்று அவர்தம் நூல்கள் கூறும்.

ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. உடன்படிக்கை செய்து சில நாள் கழியுமுன் குடிமக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராசப்பிரதிநிதி குடாநாட்டைக் கைவிட்டு மன்னாருக்குச் சென்று அங்கே கோட்டை அமைப்பித்தான். கோப்பாய் வழியாகத் தப்பிய மன்னன் மீண்டும் நல்லூர் வந்தான். இவ்வூரின் கோட்டை அன்று இல்லாதிருப்பின், யாழ்ப்பாண இராச்சியத்தின் முடிவு 1619க்கு முன்னரே நிகழ்ந்திருக்கவுங் கூடும்.

பிறிதொரு தீவின் பழம்பதி

இவ்விடத்தே, மத்தியதரைக் கடலிலுள்ள மோல்ற்றாத் தீவை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அதுவும் நம் குடாநாடு போலவே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் நிலம், ஆறில்லாதது. அதன் பழைய தலைநகர் இம்டினா, கடலை விட்டு உள்ளே மேட்டில் அமைந்தது. 1530இல் புனித யோவானின் வீரத்துறவியர் அத்தீவைப் பெற்றபோது, கடற்படையே தமக்கு வலிமையாதலின், துறைமுகத்தை அடுத்த பிர்கு என்னும் ஊரைத் தம் இருப்பிடமாக்கினர். கோப்பாயிற் போர் நிகழ்ந்து ஐந்தாண்டு கழித்து, 1565இலே துருக்கியர் அத்தீவைப் பெரும் முற்றுகைக்கு உள்ளாக்கினர். அதன்பின் 1566இல் வலெற்றா என்னும் புதிய நகர் தொடங்கப்பட்டது. இம்டினா 'பழைய நகரம்' என்னும் பெயரோடு அமைதியுற்றது.

நல்லூருக்கும் இதுவே நிகழ்ந்தது. 1619இல் இராச்சியத்தைக் கைப்பற்றிய பிலிப்பு த ஒலிவேறா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்து, ஆட்சியிருக்கையைக் கடலோரத்துப் பட்டினத்துக்கு மாற்றினான். கப்பலால் ஆள்வோர்க்குக் கடற்கரையே தலைநகர். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. இம்டினாவின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. பிரபுக்களின் மாளிகைகளும் நிற்கின்றன. நல்லூரிலோ சங்கிலித்தோப்பு வளைவும் யமுனாரியும் மந்திரிமனையும் காட்டப்படுகின்றன. கோப்பாயிற் காட்டுதற்கு ஒரு மதிற்றுண்டும் நமக்கு எஞ்சவில்லை.

மோல்ற்றா நமக்குக் கற்பிப்பது மற்றொன்றும் உண்டு. நோர்மானியர், அரகோனியர், வீரத்துறவியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அத்தீவை ஆண்டனர். 1964இல் அது சுதந்திரம் பெற்றது. இவர்களுக்கு முன்னிருந்த அறபு ஆட்சியின் கட்டடங்களுள் இன்று காணக் கிடைப்பன மிக அரியன. ஆயினும் இம்டினா, றபாத் என்னும் ஊர்ப்பெயர்கள் அறபுச் சொற்களாகவே இன்றும் வழங்குகின்றன. மதில் வீழ்ந்தாலும் பெயர் நிற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

கோயிற்பற்றும் கல்விச்சாலையும்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் போர்த்துக்கேயர் வகுத்த கோயிற்பற்றுகளை வைத்தே நாட்டை ஆண்டனர். வலிகாமத்துக் கோயிற்பற்றுகளுள் கோப்பாயும் ஒன்று. அக்காலத்தில் இங்கு வாழ்ந்த பல்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளிவந்த தம் நூலிலே இவ்வூர்த் தேவாலயத்தையுங் குறித்துள்ளார். கோட்டையாற் பெயர் பெற்ற ஊர் இவ்வாறு கோயிற்பற்றாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் அது கல்வியூராயிற்று. 1818இல் நல்லூருக்கு வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் மிசனரிமார் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பாயிலும் நிலைகொண்டு, தேவாலயமும் ஆசிரியர்களைப் பயிற்றும் சாலையும் அமைத்தனர். கோப்பாய் கிறிஸ்தவக் கல்லூரி அம்மரபின் வழி வந்தது. சைவ மக்களும் வாளாவிருந்தாரல்லர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளைத் தாபித்தார்கள். 1870ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே கோப்பாயிலும் ஒரு வித்தியாசாலையை உண்டாக்கினார்கள். ஒரே ஊரில் இரு மரபுகளும் போட்டியிட்டன. போட்டியின் பயனைப் பிள்ளைகள் பெற்றனர். பிற்காலத்தில் எழுந்த ஆசிரியர் கலாசாலை இன்றும் நாட்டின் பல பகுதிகளுக்கு ஆசிரியரை அனுப்பி வருகின்றது.

புலமைக்கும் இவ்வூர் குறைந்ததன்று. அயலூராகிய இருபாலையிலே பிறந்த சேனாதிராய முதலியார் நாவலரின் ஆசிரியருள் ஒருவர். வடகோவைச் சபாபதி நாவலர் சிதம்பரத்து வித்தியாசாலையின் தலைமையை ஏற்று விளங்கியவர். தமிழிலக்கணமும் இலக்கியமும் வளர்ந்த வரலாற்றை ஆராயும் 'திராவிடப் பிரகாசிகை' என்னும் அவரது நூல் 1899இல் வெளிவந்தது. 1903இல் அவர் இறைவனடி எய்தினார்.

அரசியலிலே, 1947 முதல் 1959இல் மறையும்வரை கோப்பாய்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவர் கு. வன்னியசிங்கம் அவர்கள். தமிழரசுக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான அவரை மக்கள் 'கோப்பாய்க் கோமான்' என்றே அழைத்தனர். கோட்டையில்லாத ஊருக்குக் கோமானைத் தந்தது மக்களின் அன்பு.

அழிவும் நினைவும்

1995 ஒக்டோபர் 30ஆந் தேதியை நம்முள் யார் மறப்பர்? வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் வீடு வாசலை விட்டு, மழையிலே செம்மணி வழியாகவும் கோப்பாய்–கைதடி வழியாகவும் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். யாமும் அக்கூட்டத்தில் ஓர் அடி வைத்து மறு அடிக்குக் காத்து நின்றோம். நானூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் சென்ற திசையிலே அன்று ஊர் முழுதும் சென்றது. மன்னனுக்குப் பின்வாங்க ஒரு கோட்டை இருந்தது. மக்களுக்கோ ஏரியும் இருளுமே இருந்தன.

போர்க்காலத்தில் இவ்வூரில் அமைந்த துயிலும் இல்லம் 1995க்குப்பின் சிதைக்கப்பட்டு, 2002 போர்நிறுத்தத்தை அடுத்து மீள அமைக்கப்பட்டு, மீண்டுந் தகர்க்கப்பட்டது. அந்நிலத்தில் 2011இல் படைத் தலைமையகம் ஒன்று திறக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கு அடக்கிய தாய்மாருக்கு விளக்கேற்ற இடம் எது என்பது இன்றும் அவர்தம் நெஞ்சை வருத்தும் வினா. கல்லாலாய அடையாளம் எத்துணை எளிதில் மறையும் என்பதற்கு இவ்வூரே சான்று.

எஞ்சியிருப்பது யாது?

மதிலும் மாளிகையும் இல்லாத ஊரின் வரலாற்றை எங்கே தேடுவது? நம் வீட்டு உறுதிப் பெட்டியிலே தேடலாம் என்பதே எமது விடை.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயருண்டு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்பு என்னும் நிலப்பதிவிலே அப்பெயர்கள் ஏறின. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையோ முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. தாயின் சீதனம் மகளுக்குச் சென்றமையால், காணியின் பெயரும் உறுதிக்கு உறுதி எழுதப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. பரப்பும் குழியும் எத்துணை, நான்கு எல்லையும் யாவை, பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் எவர்க்குரியன என்று எழுதும் அவ்வுறுதியிலே, முதல் வரியில் நிற்பது காணியின் பெயர். கோட்டை, மதில், அகழி, வாய்க்கால், குளம், கோயில் ஆகியவற்றை நினைவூட்டும் பெயர்கள் அவற்றுள் உளவா என்று ஆராய்ந்து, அவை கிடக்கும் இடங்களை ஒரு படத்திற் குறித்தால், மறைந்த கோட்டையின் கிடக்கையை உய்த்துணர வழி பிறக்கலாம். ஒரு பெயரால் ஒன்றும் நிறுவ இயலாது. பல பெயர்கள் ஓரிடத்தைச் சுற்றித் திரளுமாயின், அங்கே அகழ்ந்து பார்க்கக் காரணம் உண்டாகும்.

இப்பணிக்குக் காலம் குறைவு. இடப்பெயர்வில் அழிந்த உறுதிகள் பல. எஞ்சியவை கொழும்பிலும், இலண்டனிலும், தொறன்ரோவிலும் அலுமாரிகளுட் கிடக்கின்றன. காணியை விற்குங்கால் புதிய உறுதியிலே அளவைப்பட எண் மாத்திரம் நின்று, பழம்பெயர் விடப்படுதலும் நிகழலாம். பெயரை நாவால் சொல்லத்தக்க முதியோரும் ஒவ்வொருவராக மறைகின்றனர்.

ஆதலின், பழைய மாணவர்காள்! உங்கள் கையிலுள்ள உறுதியைத் திறந்து காணியின் பெயரையும் எல்லையையும் ஒரு தாளில் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புங்கள். உரிமையாளர் பெயரும் விலையும் வேண்டா. நிலத்தின் பெயரே போதும். மாணவர்காள்! விடுமுறையில் உங்கள் பாட்டனாரோடு ஒழுங்கைகளில் நடந்து, எந்த வளவுக்கு எப்பெயர் என்று கேட்டு எழுதுங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் படமாக்கும் பொறுப்பை ஏற்பாராக.

கோப்பாயின் அரசன் கோட்டையை விட்டுச் சென்றான். ஆயினும் திரும்பி வந்தான். 1995இல் ஏரியைக் கடந்த மக்களுட் பலரும் திரும்பி வந்து, வீழ்ந்த வேலியை மீண்டும் அடைத்தனர். வர இயலாதோரின் பிள்ளைகள் என்றோ ஒருநாள் வந்து, "எங்கள் வளவு எது?" என்று கேட்பர். அன்று அவர்களுக்குக் காட்ட ஒரு பெயராவது நம்மிடம் இருத்தல் வேண்டும்.