யார் ஆம்பள?



இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள் என்றதும் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, “அதுல யாரு ஆம்பள?” என்பதுதான். கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பணிந்தே போயிருக்கின்றன. ஒருத்திக்குக் கால்சட்டை, துணிச்சல். மற்றவளுக்கு நீண்ட கூந்தல், தயக்கம், கண்ணீர். பத்மராஜனின் மலையாளப் படமான ‘தேசாடனக்கிளி கரையாறில்ல’ (1986) பள்ளி மாணவிகள் இருவரைப் பற்றியது. அவர்களது நெருக்கத்தைப் பலர் காதலாகவே வாசித்திருக்கிறார்கள். சாலி வழிநடத்துகிறாள், நிம்மி ஓர் ஆணிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். முடிவில் இருவரும் சாகிறார்கள்.

இந்த அச்சு பெண்களின் காதலைக் கணவன் மனைவி உறவின் நகலாக்குகிறது. ‘ஆம்பள’ போன்றவள் கெடுத்தவள் ஆகிறாள், மற்றவள் கெட்டுப்போனவள். கெட்டுப்போனவளை ‘மீட்டு’ சொந்தச் சாதியில் கட்டிக்கொடுத்துவிடலாம். அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் விளக்கினார். பெண் யாரோடு வாழலாம் என்பதைக் காவல் காப்பதில்தான் சாதி உயிர்த்திருக்கிறது.

இது கதையோடு நிற்பதில்லை. 2025 மே மாதம், நம் வேலூர் மாவட்டத்து வழக்கொன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவாக வந்தது. பெற்றோர் வீட்டில் அடைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணுக்காக அவருடைய இணையர் தொடுத்த வழக்கு அது. மகளை வழிகெடுத்தவர் அவரே என்றார் தாய். மகளோ இணையருடன் போகவே விரும்பினார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரை அவர் விருப்பப்படி போகவிட்டது; திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்றும் சொன்னது.

அச்சை உள்ளிருந்தே உடைத்த படைப்பும் உண்டு. நீரஜ் கெய்வானின் ‘கீலி புச்சி’ (2021) இந்திப் படத்தில் தலித் பெண்ணான பாரதி தொழிற்சாலை இயந்திரத்தில் உழைக்கிறாள். பார்ப்பனப் பெண்ணான பிரியா அலுவலக மேசையில் அமர்கிறாள். முரடு, மென்மை என்ற பழைய ஜோடிதானே என்று தோன்றும். ஆனால் அந்த மேசை வேலை, தகுதியிருந்தும் பாரதிக்கு மறுக்கப்பட்டது. அவள் முரடு உழைப்பும் சாதியும் தந்தது. பிரியாவின் மென்மைக்குச் சாதியின் பாதுகாப்பும் உண்டு, புகுந்த வீட்டின் பூட்டும் உண்டு. அந்த வீட்டில் பாரதிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கவுரை வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாளெல்லாம் தைக்கும் நம் பெண்களின் உரத்த குரலையும் காய்த்த கையையும் ‘ஆம்பளத்தனம்’ என்று ஏசுகிறவர்களை நாம் அறிவோம்.

எழுத வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடி வெட்டி, சட்டை போட்டு நடக்கும் பெண்ணைக் கதையிலிருந்து நீக்கிவிடாதீர்கள்; அவளும் நம்மில் ஒருத்தி. அவளைக் கணவனாக்காமல் எழுதுங்கள். அந்த வீட்டில் சோறு ஆக்குவது யார், சம்பளம் யார் கையில், ஊர் கதவைத் தட்டும்போது சாதி யாரைக் காப்பாற்றும் என்று கேட்டு எழுதுங்கள்.