செய்தி எட்டாத கலங்கள்

நீரிழிவு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சீனிதான். ஆயினும், கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையை அறியாமல் இந்நோயை விளங்கிக்கொள்ள இயலாது.

உண்ட சோறும் பாணும் குளுக்கோசாகிக் குருதியில் கலந்ததும், சதையியிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலின் எனும் ஓமோனைச் சுரக்கின்றன. அது தசைக் கலத்தின் மேற்பரப்பில், செய்தியைப் பெறுவதற்கென அமைந்த புரதத்துடன் இணைகின்றது. இன்சுலின் கலத்தினுள் குளுக்கோசைச் சுமந்து செல்வதில்லை. தகவலை மாத்திரமே சேர்ப்பிக்கின்றது. அதன் பின்னரே, உள்ளே ஒதுங்கியிருந்த காவிப் புரதங்கள் கல மென்சவ்வுக்கு வந்து குளுக்கோசை உள்ளெடுக்கின்றன. இழைமணிகள் ஒட்சிசனின் துணையுடன் அதன் சக்தியைப் பிரித்தெடுக்கின்றன.

முதலாம் வகை நீரிழிவில் செய்தி அனுப்பும் பீற்றாக் கலங்களே அழிந்துவிடுகின்றன. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் சிறுவனொருவனுக்கு இன்சுலின் ஏற்றப்படும் வரை, இந்நோயுற்ற பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. நம்மிடையே பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையிலோ, செய்தி வந்தும் கலங்கள் செவிசாய்ப்பதில்லை. குருதியில் குளுக்கோசு மிகுந்திருக்க, தசைகள் பசித்திருக்கின்றன. நோயாளியின் களைப்பைச் சோம்பல் என வீட்டார் கடிந்துகொள்வது நியாயமன்று. காலப்போக்கில் சதையியும் தளர்ந்துவிடலாம். அப்போது இன்சுலின் ஊசியை ஏற்றுக்கொள்ள அஞ்சுவோர் பலர். இழந்த செய்தியை ஈடுசெய்யும் மருந்தே அது.

தசை இயங்கும்போது, இன்சுலினின் செய்திக்குக் காத்திராமலேயே காவிப் புரதங்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. வைத்தியர்கள் மருந்துடன் நடைப்பயிற்சியையும் வலியுறுத்துவது இதனாலேயே. இப்பயன் ஓரிரு நாள்களில் தேய்ந்துவிடுவதால், வாரத்தில் ஒருநாள் மாத்திரம் மைதானத்தைச் சுற்றி வருவது போதாது.