பாதாம் தோட்டத்துப் புழுதி

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் சான் வாகின் பள்ளத்தாக்கில் விளைவது. திராட்சை, ஆரஞ்சு, பிஸ்தா என்று செழித்துக் கிடக்கும் அந்த மண்ணில் காக்ஸிடியாய்டிஸ் என்ற பூஞ்சையும் வாழ்கிறது. அது தரும் நோயை அங்கே ‘வேலி ஃபீவர்’ (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) என்கிறார்கள். 2024இல் கலிபோர்னியாவில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இந்த நோய் பதிவானது.

மழையில் மண்ணுக்குள் இழையாக வளரும் பூஞ்சை, கோடையில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வித்துகளாக உடைகிறது. உழுதாலும் தோண்டினாலும் பலத்த காற்று அடித்தாலும் அவை மேலே கிளம்பிவிடும். 1977 டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கின் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் எழுந்த புழுதிப் புயல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சாக்ரமெண்டோ வரை நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பாதாம் அறுவடையைப் பாருங்கள். ஓர் இயந்திரம் அடிமரத்தைப் பிடித்து உலுக்க, காய்கள் தரையில் கொட்டும். சில நாள் அங்கேயே காய்ந்த பிறகு இன்னொரு இயந்திரம் அவற்றைக் கூட்டி வரிசையாக்கும். அடுத்து வருவது அள்ளிக்கொண்டு போகும். இது முழுக்க மழை அரிதான ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, வறண்ட தரையில் நடக்கிற வேலை. புழுதி மேகமாக எழும். பிஸ்தாவை மட்டும் தரையில் விழவிடாமல் மரத்தடியிலேயே ஏந்திக்கொள்கிறார்கள். எல்லாப் புழுதியிலும் பூஞ்சை இருக்காதுதான். ஆனால் எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வித்தைச் சுவாசித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, மூட்டுவலி, இரவில் வியர்வை, எழ முடியாத அசதி வரும். நூற்றில் ஒருவர் அளவுக்கு அது நுரையீரலைத் தாண்டித் தோல், எலும்பு, மூளையுறை என்று பரவும். மூளையுறையைத் தொட்டுவிட்டால் ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல். தடுப்பூசி கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பது ஓர் ஆறுதல்.

பார்வைக்கு இது நிமோனியா போலவும் காசநோய் போலவும் இருக்கும். அந்தப் பக்கம் போய்வந்த நம்மவர் யாருக்காவது இருமல் விடாமல் இருந்தால், எங்கே போயிருந்தார் என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காசநோய் என்ற கோணத்திலேயே சிகிச்சை போகக்கூடும். இதற்கென ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆரம்பத்தில் ‘இல்லை’ என்று வந்தாலும், தொல்லை தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புழுதியை அடக்கினால் நோய் குறையும் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தெரிந்த விஷயம். அந்தப் பள்ளத்தாக்கின் விமானப்படைத் தளங்களில் டாக்டர் சார்லஸ் ஸ்மித்தின் யோசனைப்படி புல் வளர்த்தார்கள், ஓடுபாதைகளுக்குத் தளம் போட்டார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தது. இத்தனைக்குப் பிறகு 2019இல்தான் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. ஃபிரெஸ்னோ, கெர்ன், டுலேரி உள்ளிட்ட மாவட்டங்களில் கட்டுமானத் தொழிலாளருக்கு இந்த நோய் பற்றி முதலாளி ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும் என்கிறது அது. தோட்டத் தொழிலாளரை அதில் சேர்க்கவில்லை. சாலையின் இந்தப் பக்கம் அஸ்திவாரம் தோண்டுகிறவருக்குச் சொல்லியாக வேண்டிய ஆபத்தை, அந்தப் பக்கம் பழத்தோட்டத்தில் நிற்பவருக்கும் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் வலியுறுத்தாதது பெரிய அநியாயம்.

அந்தச் சட்டத்தின் பயிற்சிதான் இல்லையே தவிர, மற்ற உரிமைகள் தோட்டத் தொழிலாளருக்கும் உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டை வித்தைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வேண்டும். சுவாசக் காப்பு அவசியமான வேலைக்கு அதை முதலாளி தன் செலவில் தர வேண்டும். மண்ணை நனைத்துவிட்டு வேலை தொடங்கச் சொல்லலாம். ஆபத்தான நிலை இருந்தால் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையான கால்-ஓஷாவிடம் புகார் செய்யலாம். பெயரை வெளியிடமாட்டார்கள், புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

வேலையால் நோய் வந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு மருத்துவச் செலவை ஏற்கும், இழந்த கூலியில் ஒரு பகுதியையும் தரும். முதலாளி மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. குடியுரிமை ஆவணம் இல்லாதவருக்கும் இது பொருந்தும். வேலையால் வந்த நோய் என்று தெரிந்ததும் 30 நாளுக்குள் முதலாளியிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் ஒரு வேலை நாளுக்குள் மனுப் படிவம் தர வேண்டும். மனு கொடுத்தபின், அதை ஏற்பதா மறுப்பதா என்று காப்பீட்டு நிறுவனம் முடிவெடுக்கும் வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சை கிடைக்கும். எந்தத் தோட்டத்தில், எந்த வாரம், எந்த வேலை என்று குறித்து வைத்திருந்தால் மனுவுக்கு அது பெரிய பலம்.