நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் செய்தி அனுப்பும் முறை

மன்னார்த் தீவின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரைக் கொண்டு காய்கறிச் செய்கை நடைபெறுகின்றது. இங்கு நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு படலம்போல் நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. ஆகவே, நிறுத்துவாரின்றி ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பயிரை மட்டுமன்றிக் கிணற்றையும் கெடுத்துவிடக்கூடும்.

இதனைத் தவிர்க்கும்பொருட்டு மண்ணீரம், கிணற்று மட்டம், உவர்த்தன்மை ஆகியவற்றை அளக்கும் கருவிகளை இயந்திரத்தின் ஆளியுடன் இணைக்கலாம். ஆனால் வெவ்வேறு உற்பத்தியாளரின் கருவிகளுள் ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்குவதில்லை. யாவற்றையும் ஒருவரிடமே வாங்கினால் இத்தொல்லை இல்லை. எனினும் பின்னர் ஒரு சிறு கருவி பழுதுற்றாலும் அவரையே நாடவேண்டும். பொதுவான செய்தி நெறிமுறையொன்றை அறிந்த கருவிகளை வாங்குவதே மேல்.

அத்தகைய எளிய நெறிமுறை எம்.கியூ.ரீ.ரீ. என்பது. தொலைவிலுள்ள எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்காக 1999ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்போர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் இதனை வகுத்தனர். செய்மதித் தொடர்பு அந்நாளிற் செலவு மிக்கது. ஆதலால் செய்தியின் தலைப்பு இரண்டு பைற்று அளவுக்குச் சுருங்கியது. வலுக்குறைந்த தொலைபேசி அலையிலும் இது செல்வது அதனாலேயே. கருவிகள் நேரே பேசுவதில்லை. தபாற்கந்தோர் போன்ற ஒரு நடுநிலையத்துக்கு ஒவ்வொன்றும் ‘கிணறு/மட்டம்’ போன்ற பெயரிட்டுச் செய்தி அனுப்பும். அப்பெயரை வேண்டியிருந்த கருவிக்கு அது போய்ச் சேரும்.

செய்திகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. முருங்கன் பகுதியிற் குளத்து நீர்மட்டத்தை மணிக்கொருமுறை அறிவிக்கும் கருவியின் ஒரு செய்தி தவறினால் நட்டமில்லை, அடுத்தது வரும். அதற்குச் ‘சுழியத் தரம்’ போதும். இயந்திரத்துக்குரிய கட்டளையை ‘முதலாந் தரத்தில்’ அனுப்புதல் வேண்டும். அத்தரத்திற் செய்தி சேரும்வரை மீண்டும் அனுப்பப்படும்; ஆனால் இருமுறை சேர்தலும் உண்டு. ‘மேலும் 20 நிமிடம் ஓடு’ என்ற கட்டளை இருமுறை சேர்ந்தால் 40 நிமிடம் நீர் இறையும். ‘காலை 6.20 வரை ஓடு’ என்று, திகதியுடன், அனுப்பினால் எத்தனை முறை சேரினும் தீங்கில்லை. ‘நிறுத்து’ என்னும் பிற்செய்தி வழியிற் தொலைந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். இதற்கு ஆளியில் நம்பகமான மணிக்கூடு இருத்தல் அவசியம்.

கட்டளையை நடுநிலையத்திற் ‘தேக்கி’ வைக்கும் வசதியும் உண்டு. நீர்மட்டச் செய்திக்கு அது நன்று. வெறுமனே ‘ஓடு’ என்பதைத் தேக்கிவைத்தால், மின்தடைக்குப் பின் இணையும் இயந்திரம் பழைய கட்டளையை ஏற்று ஓடத் தொடங்கும்.

கடவுச்சொல் இல்லாத நடுநிலையத்தில் அயலார் எவரும் கட்டளையிட இயலும் என்பதையும் மறத்தலாகாது. பயிர் நடுவதற்கு முன்னர், இயந்திரம் ஓடும்போதே தொடர்புக் கருவியின் அலைவாங்கியைக் கழற்றிவிட்டு, குறித்த நேரத்தில் அது தானாக நிற்கின்றதா என்று கிணற்றருகே நின்று பார்த்தல் வேண்டும்.