ஆலை இயந்திரத்தை மடிக்கணினியில் ஓட்டிப் பழகலாம்: பி.எல்.சி. மென்பொருளை நிறுவும் மாணவர்களுக்குச் சில வழிகள்

செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டெரிலைசர் புதிதல்ல. பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் அந்தப் பெரிய கலனின் வால்வுகளை ஒரு காலத்தில் ஆட்களே பார்த்துப் பார்த்துத் திறந்து மூடினார்கள். இன்று பல ஆலைகளில் அந்த வேலையைச் சுவரோரப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய கருவி செய்கிறது. அதன் பெயர் பி.எல்.சி.

கார் தொழிற்சாலைகளுக்காக 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான இக்கருவி, இப்போது ரப்பர் கையுறைத் தொழிற்சாலை முதல் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வரை எங்கும் இருக்கிறது. போலிடெக்னிக், தொழிற்கல்லூரி என திவெட் துறையில் மின்சாரமும் மெக்காட்ரோனிக்கும் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இதற்கு நிரல் எழுதக் கற்கிறார்கள்.

ஆய்வகத்தில் கருவிகள் சில, மாணவர்களோ பலர். வீட்டில் பழக வழி, மடிக்கணினிக்குள்ளேயே ஒரு போலி பி.எல்.சி.யை ஓட்டும் ‘சிமுலேட்டர்’ மென்பொருள். அதை நிறுவுவதற்குள் பலர் சோர்ந்துபோகிறார்கள். உறவுக்காரத் தம்பி ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “அக்கா, மூனு நாளா இன்ஸ்டால் ஆகல. இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படாது போல” என்றான். அவனுடைய அறிவில் குறையில்லை. அவன் மடிக்கணினி ஒரு ‘ரீஸ்டார்ட்’ கேட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

பதிவிறக்குவதற்கு முன்

சீமென்ஸ் நிறுவனத்தின் ‘டியா போர்ட்டல்’, மிட்சுபிஷியின் ‘ஜி.எக்ஸ். ஒர்க்ஸ்’, ஓம்ரோனின் ‘சி.எக்ஸ். புரோகிராமர்’ ஆகியவை மாணவர்கள் அதிகம் சந்திக்கும் மென்பொருள்கள். உங்கள் ஆய்வகத்தில் எது, எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். டியா போர்ட்டலின் பழைய பதிப்பில் புதிய பதிப்பின் கோப்பு திறக்காது. வீட்டில் புதியதில் செய்த பயிற்சி கல்லூரியில் திறக்காமல் போகும்.

டியா போர்ட்டல் கனமானது. 8 ஜிபி நினைவகத்தில் தவழும். 16 ஜிபியும் எஸ்.எஸ்.டி. வட்டும் இருந்தால் நிம்மதி. விண்டோஸ் ஹோமா, புரோவா என்பதையும் பாருங்கள். எல்லாப் பதிப்பும் ஹோமில் ஏறாது. கோப்பு பல துண்டுகளாக வரும். அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்த பிறகே முதல் துண்டை இயக்க வேண்டும். கைப்பேசி இணையத்தில் இறக்கும்போது ஒரு துண்டு பாதியில் அறுந்தால் மொத்தமும் வீண்.

மீண்டும் மீண்டும் ‘ரீஸ்டார்ட்’ கேட்டால்

தம்பிக்கு வந்த சிக்கல் இதுதான். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே செய்தி. முடிக்கப்படாத ஒரு பழைய வேலையை விண்டோஸ் குறித்து வைத்திருப்பதே காரணம். ‘ரெஜிஸ்ட்ரி’யில் கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் என்ற வரிசையில் சென்றால் ‘பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்’ என்ற குறிப்பு இருக்கும். அதை நீக்கியதும் நிறுவல் நகரும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

நிறுவல் பாதியில் நின்றால் டாட்நெட் 3.5 இயக்கப்பட்டிருக்கிறதா, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு தொடங்கினீர்களா என்று பாருங்கள்.

சிமுலேட்டருக்குள் நிரல் ஏறாவிட்டால்

டியா போர்ட்டலுக்கான சிமுலேட்டர் ‘பி.எல்.சி.சிம்’. எஸ்7-1200 வகைக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஃபர்ம்வேர் 4.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிராஜக்ட்டின் பண்புகளில் ‘புரொடெக்‌ஷன்’ பகுதியில், சிமுலேஷனை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும். நிரலை ஏற்றும்போது இணைப்பாக பி.எல்.சி.சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான ‘ஏறவில்லை’ புகார்கள் இந்த மூன்றில் அடங்கும்.

உண்மையான கருவியோடு இணைக்கும்போது ஐ.பி. முகவரி கவனம். கருவி 192.168.0.1 என்றால் மடிக்கணினி 192.168.0.10 போல அதே வரிசையில் இருக்கட்டும், மாஸ்க் 255.255.255.0.

ஓடாத மோட்டார்

எல்லாம் சரியாகி, தம்பி ஸ்டார்ட் விசையை அழுத்தினான். மோட்டார் ஓடவில்லை. ஸ்டாப் விசைக்கான குறியைத் தலைகீழாக மாற்றினான். ஓடியது. மகிழ்ந்தான். இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஆலையில் ஸ்டாப் விசை எப்போதும் மின்சாரம் பாயும்படி இணைக்கப்பட்டிருக்கும். அழுத்தினால் மின்சாரம் அறும், இயந்திரம் நிற்கும். எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சிமுலேட்டரில் கம்பி இல்லாததால் அந்த இன்புட் 0 என்றே தொடங்குகிறது. விசை ஏற்கெனவே அழுத்தப்பட்டதாக நிரல் நினைத்துக்கொள்கிறது. சரியான வழி, சிமுலேட்டரின் அட்டவணையில் அந்த இன்புட்டை முதலில் 1 ஆக்குவது. நிரலைத் தலைகீழாக்கி, அதற்கேற்ப விசையையும் மாற்றி இணைத்தால், கம்பி அறுந்த நாளில் ஸ்டாப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் நிற்காது. அதன் பக்கத்தில் நிற்பவர் நம் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம்.

அவசர நிறுத்தம் சாதாரண நிரலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தனிப் பாதுகாப்பு இணைப்பு வேண்டும். அதைச் சிமுலேட்டர் கற்றுத்தராது. ஆசிரியரிடமே கற்க வேண்டும்.

ஸ்டெரிலைசரையே பயிற்சியாக எடுக்கலாம். நீராவியை ஏற்றி இறக்கி, மீண்டும் ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை ஏற்றிப் பிடித்து வைப்பது பல ஆலைகளின் முறை. அழுத்தம் சுமார் 3 பார். நேரம் சுமார் ஒன்றரை மணி. நிமிடங்களை வினாடிகளாக மாற்றினால் 90 வினாடியில் சோதித்துவிடலாம். கதவு மூடாமல் நீராவி வால்வு திறக்கக் கூடாது. அழுத்தம் இறங்காமல் கதவு திறக்கக் கூடாது. இந்த இரண்டையும் மீற முயன்று பாருங்கள். நிரல் விட்டுக்கொடுத்தால் அது இன்னும் தயாராகவில்லை.

திருட்டுப் பிரதி வேண்டாம்

உரிமம் விலை அதிகம் என்பதால் ‘கிராக்’ செய்த பிரதி பென்டிரைவில் கைமாறுகிறது. அந்த மடிக்கணினியே நாளை ஆலைக்குள் போகும். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், சீமென்ஸ் மென்பொருள் இருந்த கணினிகள் வழியாகவே ஈரானின் அணுசக்தி நிலையக் கருவிகளுக்குள் புகுந்தது.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. டியா போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் உண்டு. ‘கோடேசிஸ்’ மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அதன் போலி பி.எல்.சி. இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும், மறுபடி தொடங்கினால் போதும். ‘ஓப்பன் பி.எல்.சி.’ முற்றிலும் இலவசம். நிறுவனங்கள் வேறானாலும் ஏணி போல வரையும் ‘லேடர்’ முறை ஏறக்குறைய ஒன்றுதான். கல்லூரியில் மாணவர் உரிமம் உண்டா என்றும் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை இரவில் திரையில் பச்சைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஆலையில் கதவு எப்போது திறப்போம் தெரியுமா?” என்று உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அந்த அறிவு எந்த மென்பொருளோடும் வருவதில்லை.