அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?

1990-களின் தொடக்கம். சென்னை ஐகோர்ட்டுக்கு ஒரு விசித்திரமான வழக்கு வந்தது.

வழக்குத் தொடர்ந்தவர் ஒரு தகப்பனார். அவருடைய மகளுக்கு வயது 16. அவள் கர்ப்பமாக இருந்தாள். மகளின் கருவைக் கலைக்க வேண்டும் என்பது தகப்பனாரின் கோரிக்கை.

மகள் சம்மதிக்கவில்லை! குழந்தையைப் பெற்றே தீருவேன் என்றாள்.

பெற்ற தகப்பன் ஒரு பக்கம். வயிற்றில் பிள்ளையோடு மகள் மறு பக்கம். நடுவில் நீதிபதிகள். யார் பேச்சைக் கேட்பது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், தகப்பனார் பக்கம்தான் பலமாகத் தோன்றும். இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1971-ல் வந்தது. 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்துகூடத் தேவை இல்லை. ஆனால் 18 வயது ஆகாத பெண்ணாக இருந்தால், அவளுடைய பாதுகாவலர் எழுத்து மூலம் சம்மதம் தரவேண்டும். சிறுமியின் விருப்பம் என்ன என்று சட்டம் தனியாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தகப்பனார் கையெழுத்துப் போடத் தயார். பிறகு என்ன தடை?

தடை உண்டு என்றது ஐகோர்ட்டு. பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்பது உண்மை. அதற்காக அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவே வேண்டாம் என்று அர்த்தம் ஆகாது. 16 வயதுப் பெண்ணுக்கு மனம் இருக்கிறது. வாய் இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொல்லும்போது, மேஜையில் படுக்கவைத்துக் கருவைக் கலைக்க உத்தரவு போட முடியாது. தகப்பனாரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

வெற்றியா?

இதைக் காதலுக்குக் கிடைத்த வெற்றி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தகப்பனாரைக் கொடியவர் என்று ஏசுவதும் நியாயம் ஆகாது. 16 வயதில் மகள் தாயாகப் போகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் அடிவயிறு கலங்காது?

அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இளவயதில் கர்ப்பம் ஆகும் பெண்ணுக்கு ஆபத்து அதிகம். 20 வயதைத் தாண்டிய பெண்ணைவிட, இளவயதுப் பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் ஜன்னி காண்பது அதிகம். இரத்த அழுத்தம் கூடி, கை கால் வெட்டி இழுக்கும் நோய் அது. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் அதிகம். மிகவும் சிறிய பெண்ணாக இருந்தால் இடுப்பு எலும்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. குழந்தை வெளியே வர வழி இல்லாமல் தவிக்கும். பிறக்கும் குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கும். சில நேரம் மாதம் நிறையுமுன்பே பிறந்துவிடும்.

இன்னொன்று: இரத்தச் சோகை. இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. தன் உடம்புக்கே இரத்தம் போதாத பெண், இன்னொரு உயிருக்கும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

ஆகவே தகப்பனார் பயந்தது சரி. மகளைக் கேட்காமல் முடிவு செய்ததுதான் தவறு.

சிறைக்குத் தயார்!

பெண்ணைக் கேட்காமல் முடிவு செய்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. அதை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் கதை 140 ஆண்டுகளுக்கு முந்தியது.

அவள் பெயர் ருக்மாபாய். ஊர் பம்பாய். 1864-ல் பிறந்தாள். அவளுடைய தாயார் 15 வயதில் அவளைப் பெற்றவர். 17 வயதில் விதவை ஆனவர். ருக்மாபாய்க்கு 11 வயதில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜிக்கு வயது 19.

பெண் பருவம் அடைந்ததும் கணவன் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டார்கள். ருக்மாபாயின் தாயார் மறுமணம் செய்துகொண்டவர். அந்த மறுமணக் கணவர் சகாராம் அர்ஜுன் ஒரு டாக்டர். இவ்வளவு இளம் உடம்பு குடும்ப வாழ்க்கைக்குத் தகுந்தது அல்ல என்று அவருக்குத் தெரியும். அனுப்ப மறுத்துவிட்டார்.

ருக்மாபாய் பிறந்த வீட்டிலேயே இருந்து படித்தாள். வளர்ந்த பிறகு, போக மாட்டேன் என்று அவளே சொன்னாள். 1884-ல் கணவன் வழக்குப் போட்டான். 1885-ல் தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. மேல் விசாரணையில் அது நிற்கவில்லை. 1887 மார்ச் மாதம் கோர்ட்டு உத்தரவிட்டது: கணவனோடு வாழப் போ, இல்லாவிட்டால் 6 மாதம் சிறை!

சிறைக்குப் போகத் தயார் என்றாள் ருக்மாபாய்.

நாடே அதிர்ந்தது. ஆதரித்தவர்கள் கொஞ்சம். ஏசியவர்கள் அதிகம். 1888-ல் 2 ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு கணவன் விலகிக்கொண்டான். ருக்மாபாய் லண்டனுக்குச் சென்று டாக்டருக்குப் படித்தாள். பிறகு சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். எத்தனையோ தாய்மாருக்குப் பிரசவம் பார்த்த அந்த அம்மையார் 1955-ல், 90 வயதில் காலமானார்.

எல்லாப் பெண்களுக்கும் டாக்டர் தகப்பன் கிடைப்பானா? கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, சின்னஞ்சிறு வயதில், தன்னைவிடப் பல வயது மூத்த கணவனால் உயிர் இழந்தாள். அந்தப் பரிதாபத்துக்குப் பிறகு 1891-ல், 12 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு கணவனும் சேரக் கூடாது என்று சட்டம் வந்தது. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1949-ல் அது 15 ஆனது. 1978-ல் 18 ஆனது. 12-லிருந்து 18-க்கு ஏற 87 ஆண்டுகள்!

நின்றுபோன திருமணம்

சாரதா சட்டம் வந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. அந்தச் சட்டம் வெள்ளையர் ஆட்சிப் பகுதிக்குத்தான். ஆனால் நாஞ்சில் நாட்டில் வேறு ஒரு காரியம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. அது பெண்கள் பள்ளிக்கூடம்.

1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். கையில் எழுத்தும் தொழிலும் இருந்தால் பெண்ணுக்கு ஒரு பலம். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 91 பேருக்கு மேல். தமிழ்நாட்டிலேயே முதல் இடம்!

படிக்கிற பெண்ணுக்குச் சீக்கிரம் திருமணம் பேச மாட்டார்கள். இன்றைக்கும் காலை 8 மணிக்கு வடசேரி பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால், புத்தகப் பையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவது தெரியும்.

அதற்காக, நம் ஊரில் இந்தக் கவலையே இல்லை என்று திண்ணையில் சாய்ந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 13 பேர், 18 வயது ஆகுமுன்பே திருமணம் ஆனவர்கள். 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 6 பேர், தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். இதுவும் 2019-21 ஆய்வின் கணக்கு.

மகள் ஒரு பையனோடு பேசுவது தெரிந்தால் போதும். "ஊரு என்ன சொல்லும் மக்களே?" என்று அம்மா அழுவாள். உடனே மாப்பிள்ளை தேட ஆரம்பிப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைகூட முடிந்திருக்காது. திருமணம் நின்றால் மானம் போய்விடும் என்பார்கள்.

வேடிக்கைதான்! சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை வந்து சேராமல், சமைக்காத கலியாண அரிசி மணலாகிப்போன கதையை நாஞ்சில் நாட்டில் சின்னக் குழந்தையும் சொல்லும். அந்த நின்றுபோன திருமணத்தின் பெண்ணைத்தானே பகவதி அம்மன் என்று ஊரே கும்பிடுகிறது! மாவட்டத்துக்கும் அவள் பெயர்தானே!

சட்டமும் இப்போது பெண்ணுக்குத் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுவயதில் நடந்த திருமணத்தை ரத்து செய்யும்படி அந்தப் பெண்ணே கோர்ட்டில் கேட்கலாம். 20 வயது நிரம்பும் வரை அதற்கு அவகாசம் உண்டு. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு கதவையும் அடைத்தது. மனைவியாகவே இருந்தாலும், 18 வயது ஆகாதவளோடு சேர்வது கற்பழிப்புக் குற்றம் என்று தீர்ப்புக் கூறியது.

வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும்

2009-ல் சண்டிகரில் நடந்தது இது. சர்க்கார் காப்பகத்தில் இருந்த ஓர் அநாதைப் பெண். வயது சுமார் 19. அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவு. காப்பகத்துக்குள்ளேயே அவள் கெடுக்கப்பட்டாள். கர்ப்பம் ஆனாள். கருவைக் கலைக்க அங்குள்ள ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. விசாரித்த 3 நீதிபதிகளில் ஒருவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான ப.சதாசிவம். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் சொந்தச் சுதந்திரம். அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்றும் நீதிபதிகள் கூறினார்கள்.

வேண்டும் என்ற பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்றால், வேண்டாம் என்கிற பெண்ணுக்கும் அது உண்டு அல்லவா? உண்மையில் கஷ்டப்படுகிறவள் இவள்தான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் 3 மாதம், 4 மாதம் மறைத்துவிடுகிறாள். பிறகு யாரோ ஒரு கிழவியிடம் போகிறாள். எருக்கங்குச்சி வைத்து உயிர் விட்டவர்கள் எத்தனை பேர்! இப்போது மருந்துக் கடையில் இரகசியமாக மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். இரத்தம் நிற்காமல் போனால் பக்கத்தில் டாக்டர் இல்லை.

இவ்வளவுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 2021-ல் சட்டம் திருத்தப்பட்டபின், 18 வயது ஆகாத பெண்ணுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு கருவைக் கலைக்கலாம். பாதுகாவலர் என்றால் தகப்பனார்தான் என்று இல்லை. அந்தப் பெண்ணைப் பராமரிப்பவர் யாரோ, அவரே சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர். அவளுடைய பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓர் ஆண்டு வரை சிறை உண்டு.

ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். போலீஸ் என்றதும் பெண்ணும் தாயாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயந்தார்கள். 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வந்த சிறுமியின் பெயர், அடையாளம் இல்லாமலே டாக்டர் தகவல் சொல்லலாம் என்றது.

பெண்ணும் பெற்றோரும் வேறு வேறு விதமாகச் சொன்னால்? அதற்கும் 2024-ல் பதில் வந்தது. மராட்டியத்தைச் சேர்ந்த, கெடுக்கப்பட்ட 14 வயதுச் சிறுமியின் வழக்கு அது. கர்ப்பம் ஏறக்குறைய 30 வாரம். ஏப்ரல் 22-ந் தேதி கருவைக் கலைக்க சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. ஆபத்துக்கு அஞ்சிப் பெற்றோர் மனம் மாறினார்கள். ஒரு வாரத்தில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த வழக்கில் நீதிபதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைத்தார்கள். சிறுமியின் கருத்தும் பாதுகாவலரின் கருத்தும் மாறுபட்டால், கர்ப்பமாக இருப்பவளின் கருத்தைக் கோர்ட்டு முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அந்த 16 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த நியாயம், 30 ஆண்டுகளுக்குப் பிறகு டெல்லியிலும் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் குழித்துறையிலோ குளச்சலிலோ இருக்கும் ஒரு பெண், டெல்லிக்கு எங்கே போவாள்? மதுரையில் ஐகோர்ட்டு கிளை 2004-ல் வந்துவிட்டது. அதுகூட அவளுக்குத் தூரம்தான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பஸ் ஏறினால் எட்டும் தூரம். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. இரவிலும் பகலிலும் பேசலாம். காசு கிடையாது.