குடிசையும் மனைப்பட்டாவும்

விதை நேர்த்தியையும் தழையெருவையும் பற்றி எழுதி வரும் நான் இம்மாதம் வீட்டைப் பற்றி எழுதப் புகுந்தது அன்பர் சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். நடவும் களையெடுப்பும் அறுவடையும் எவர் கையால் நடைபெறுகின்றனவோ அவர்கள் ஒழுகாத கூரையின்கீழ் உறங்குவதும் விவசாய விஷயமேயாகும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயல் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகளைச் சாய்த்ததோடு குடிசைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. தென்னை போனதை நாம் இன்றும் பேசுகிறோம். குடிசை போனதைப் பேசுவார் சிலரே.

சர்க்கார் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. இந்திரா வீட்டுவசதித் திட்டத்துக்குப் பதிலாக 2016-ல் மத்திய அரசு பிரதம மந்திரி கிராம வீட்டுவசதித் திட்டத்தை அமலுக்குக் கொணர்ந்தது. அதில் சமவெளிப் பிரதேசத்தில் வீடொன்றுக்கு ரூ. 1,20,000 உதவித்தொகையாகவும், சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர் குறைந்த அளவாகவும் விதிக்கப்பட்டன. தமிழக அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு ரூ. 3,50,000, பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஆறு வருஷங்களில் 8 லட்சம் வீடுகள் என்பது அப்போது குறித்த இலக்கு.

இரண்டரை ஏக்கரும் அதற்கு மேலும் பாசன நிலமுடையோரை மத்தியத் திட்ட விதிகள் விலக்கின. ஆகவே இப்பத்திரிகையை வாசிப்போரிற் பலர் அத்தொகையைப் பெறுவதற்கில்லை. ஆயினும் பெறவேண்டியவர் பெறுவது பல ஊர்களில் இவர்கள் கையிலேயே இருக்கிறது. வீட்டுக்குப் பணம் அரசு தரும்; மனைக்குப் பாத்தியம் வேண்டுமே!

என் வட்டாரத்துக் கிராமமொன்றில் ஒரு தம்பதிகள் மிராசுதாரர் ஒருவருடைய வயலோரத்தில் இருபது வருஷமாகக் குடிசை போட்டிருந்தனர். பயனாளிகள் ஜாபிதாவில் பெயர் வந்தது. மனை அவர்கள் பெயரில் இல்லை. நிலத்துக்குடையவரிடம் சென்றேன். "இருந்துகொள்ளட்டுமே, யார் வேண்டாமென்றது?" என்றார். இருக்கச் சொல்ல மனம் வந்தது. எழுதிக் கொடுக்க வரவில்லை. அவ்வம்மாள் என்னிடம், "ஐயா, அவர் நல்லவர்தான், அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் எப்படியோ?" என்றாள். இதற்கு என்னிடம் விடையில்லை. நான்கு மாதம் நடந்தபின் வயலுக்கு மேட்டில் மூன்று சென்ட் கொடுக்க அவர் இசைந்தார். அதற்குள் அவ்வருஷத்து ஒதுக்கீடு கழிந்துபோயிற்று. கிராம நிர்வாக அலுவலரை முதல் நாளே உடன் அழைத்துச் சென்றிருந்தால் ஒரு மழைக்காலம் மிச்சப்பட்டிருக்கும். அது என் பிழை.

1971-ஆம் வருஷத்துக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் அக்காலத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் தொழிலாளருக்கும் அம்மனையையே உரிமையாக்கிற்று. பின்னர் வந்து குடியேறியவர்களுக்கு அச்சட்டம் உதவாது. நிலத்துக்குடையவர் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து, உட்பிரிவு அளந்து, பட்டா மாற்றித் தரவேண்டும். அன்றேல் அரசின் இலவச மனைப்பட்டாவுக்கு மனுச் செய்யவேண்டும். வெறும் வாய்ச்சொல் கச்சேரியில் செல்லாது.

இனிப் பணம் வருகிற விதம். அஸ்திவாரம் முதலாக வேலை முடிய முடியத் தவணை தவணையாக வரும். ஆகையால் முதற்செலவுக்குக் கூலிக்காரர் திண்டாடுவர். செங்கலும் மணலும் ஏற்ற டிராக்டரை இரண்டு நாள் கொடுத்துதவுதல் பெரிய உபகாரம். ஆனால் கடன் கொடுத்து, அதற்கீடாக ஆளை வேறிடம் போகவிடாமற் கட்டிவைத்தல் 1976-ஆம் வருஷச் சட்டப்படி தண்டனைக்குரியது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இஃது என் தொழில். கரிசல் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். மேலாக வானம் தோண்டிக் கட்டிய சுவர் இரண்டு வருஷத்தில் பிளந்துவிடும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே தோண்டி, அடியில் மணல் கொட்டி இடித்துக் கட்டவேண்டும். டெல்டா வயலோரங்களில் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேல் தளமட்டம் உயரட்டும். சம்பா அறுவடை முடிந்த மாசியில் அஸ்திவாரம் போட்டால் ஆடிக்குள் கூரை ஏறிவிடும். ஐப்பசிக்குத் தள்ளினால் மழையுடன் போராட்டந்தான்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடுகிறது. பயனாளிகள் ஜாபிதா அங்கே படிக்கப்படும்போது பட்டாதாரர்களும் வந்திருந்து, தங்கள் நிலத்தில் குடியிருப்போர் பெயர் விடுபட்டிருப்பின் தாங்களே எழுந்து சொல்லலாம்.